கேனன் 80டி: தானாக ஓடிய ஃபோகஸும், கூடவே மாட்டியிருந்த சாமான்களும்

மேசைக்கு வந்தது ஒரு கேனன் 80டி கேமரா. 2016-ல் வெளிவந்த மாடல். நன்றாக உழைத்த பாடி, பிடிமான ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. முன்னால் 70-200 எஃப்/4 எல் ஐஎஸ் லென்ஸ். அதன் முகத்தில் 67 மிமீ யூவி ஃபில்டர். அடியில் வேறு கம்பெனி பேட்டரி கிரிப்: இரண்டு பேட்டரி போட, கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்க, தனி ஷட்டர் பட்டனோடு வரும் கைப்பிடி. கிரிப்புக்குள் ஒரிஜினல் பேட்டரி ஒன்று, விலை மலிவான பேட்டரி ஒன்று. தலையில் வயர்லெஸ் ஃபிளாஷ் டிரிகர், தள்ளி வைத்த ஃபிளாஷை மின்ன வைக்க. பையில் தனியாக ஒரு போலரைசர், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். பாடி, லென்ஸ், அந்த ஒரு பேட்டரி தவிர மற்றதெல்லாம் வெளிக் கம்பெனிச் சரக்கு.

சொந்தக்காரர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் போவார்.

"அண்ணா, ஆட்டோ ஃபோகஸ் போயிடுச்சு. சர்வீஸ்ல குடுத்தேன். பாடியில ஏஎஃப் சென்சார் அவுட்டுங்கறாங்க. அவங்க சொல்ற ரேட்டுக்கு செகண்ட்ஸ்ல இன்னொரு பாடியே வாங்கிடலாம். நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

நான் கேமரா மெக்கானிக் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஆம்ப்ளிஃபையர், யூபிஎஸ், கோயில் மைக் செட் பார்க்கிற ஆள். கேமரா பாடியைத் திறக்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் கெபாசிட்டர் 300 வோல்ட் பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்று தைரியமாக விரலை விட்டால் தூக்கி அடிக்கும். ஆனால் பாடிக்கு வெளியே மாட்டுகிற சாமான்கள் வேறு கதை. அவை நாலு ஸ்குரூவும் ஒரு சின்ன போர்டும்தான். அதில் எனக்குப் பயமில்லை.

"ஃபோகஸ் போச்சு" என்று மட்டும் சொன்னால் எந்தக் கோளாறையும் பிடிக்க முடியாது. என்ன ஆகிறது, எங்கே ஆகிறது, எத்தனை மணிக்கு ஆகிறது என்று கிளறினேன். தம்பி சொன்னதில் மூன்று சமாசாரம் கலந்து கிடந்தது.

முதலாவது, முகூர்த்தத்தில் நடப்பது. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஜோடி எழுந்திருக்கும்போதே அடுத்த ஜோடி உட்காரும், ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கெட்டிமேளம் கேட்கும். இரண்டாவது டேக் கேட்க முடியாத இடம். அங்கே இவர் விடியற்காலை இருட்டில் போய் நின்றால், நகரும் ஆளைத் துரத்தும் ஏஐ செர்வோ முறையில் லென்ஸ் யாரும் தொடாமலே முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒருமுறை ஃபோகஸ் பிடித்துப் பூட்டும் ஒன் ஷாட்டில் வைத்தால் நேர் எதிர்: முதலில் எதன்மேல் ஃபோகஸ் நின்றதோ அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. "பொண்ணு மூஞ்சில பாயின்ட்ட வச்சு பாதி அழுத்துறேண்ணா, ஃபோகஸ் பின்னாடி நாதஸ்வரக்காரர விட்டு நகர மாட்டேங்குது." ஆல்பத்தில் காட்டினார். தாலி கட்டும் கை மங்கலாக, நாதஸ்வரத்தின் சீவாளி மட்டும் கத்தி மாதிரி.

இரண்டாவது, பகலில், டிரைபாடில் வைத்து எடுத்தாலும், 200 மிமீ-இல் படம் சொதசொதவென்று வருகிறது. மூன்றாவது, இரவு ரிசப்ஷனில் கலர் லைட் மட்டும் போட்ட ஹாலில் லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கிறது.

சர்வீஸ் கவுன்டரில் முதலாவது கோளாறு தலைகாட்டவே இல்லையாம். ஏசி அறையில் நாள் முழுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள், லென்ஸ் தானாக ஓடவில்லை. ஆனால் 200 மிமீ-இல் எடுத்துப் பார்த்ததில் மங்கல் இருந்திருக்கிறது. ஆகவே ஏஎஃப் சென்சார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேட்டேன். தம்பிக்கு அது தெரியவில்லை.

வேலையை ஆரம்பித்தது எல்லாவற்றையும் உரிப்பதிலிருந்து. கிரிப், டிரிகர், ஃபில்டர், மலிவு பேட்டரி எல்லாம் மேசை ஓரத்துக்குப் போயின. ஒரிஜினல் பேட்டரியைப் பாடியில் நேராகப் போட்டேன். மெனுவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஆட்டோ ஃபோகஸ் முன்னே பின்னே விழுந்தால் திருத்துகிற அளவு) பிளஸ்ஸில் எங்கோ ஏற்றப்பட்டிருந்தது. யாரோ மங்கலைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சூலம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைவிட நல்ல ஃபோகஸ் சார்ட் நம் வீடுகளில் கிடைக்காது.

இந்த இடத்தில் 80டி-யில் ஒரு வசதி உண்டு, டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருக்கும் எல்லோரும் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது. வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் பார்ப்பது ஒரு சென்சார், பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் பார்ப்பது வேறொன்று. வ்யூஃபைண்டரில் பார்க்கையில், பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி பாதி ஒளியை ஊடுருவ விடும். பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி, கண்ணாடிப் பெட்டியின் அடியில் உள்ள ஏஎஃப் சென்சாருக்கு அனுப்பும். 45 புள்ளிகள் இருப்பது அதில்தான். லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும். படம் பிடிக்கும் சென்சாரே டூயல் பிக்சல் முறையில் ஃபோகஸையும் பார்த்துக்கொள்ளும். ஆகவே வ்யூஃபைண்டரில் மங்கி லைவ் வியூவில் கூர்மையாக வந்தால் அடியில் இருக்கும் சென்சாரையோ குட்டிக் கண்ணாடியையோ சந்தேகப்படலாம். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் குற்றவாளி வேறு இடத்தில்.

உரித்த நிலையில் இரண்டிலும் படம் சுத்தம். 200 மிமீ, எஃப்/4, காலண்டரில் 'கரிநாள்' என்கிற எழுத்தின் புள்ளிகூடத் தனியாகத் தெரிந்தது. ஏஎஃப் சென்சாருக்கு அத்தோடு விடுதலை கொடுத்துவிட்டேன். இனி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு சாமானைச் சேர்த்து மாட்டக் கூடாது. அவசரம் பிடித்தவர்கள் இங்கேதான் கெடுத்துக்கொள்வார்கள்.

கிரிப்பை மாட்டினேன். மதிய நேரம், கொளுத்தும் வெயில், ஒன்றும் நடக்கவில்லை. லென்ஸ் சமத்தாக உட்கார்ந்திருந்தது. கவுன்டரில் நடந்தது இங்கேயும் நடந்தது. தம்பி சிரித்தார், "பாத்தீங்களா, டாக்டர்கிட்ட வந்தா காய்ச்சல் விட்டுடும்."

எனக்கு அந்த நேரக் கணக்குதான் உறுத்திக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் வருகிறது, பகலில் இல்லை. ஏசி அறையில் வருவதில்லை. வேறு எங்கே வந்தது என்று கேட்டதற்கு, மாசி மகத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் முதன்முதலாக வந்தது என்றார். தீர்த்தவாரிக்குச் சாமியைத் தண்ணீரில் இறக்கும்போது முழங்கால் அளவு அலையில் நின்று எடுத்திருக்கிறார். "தண்ணி ரொம்பல்லாம் படலண்ணா, சாரல்தான். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால தொடச்சுட்டேன்."

சாரல் போதும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் தண்ணீரில் அதோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமான உப்பு கடத்தும். மதியம் காய்ந்து கிடக்கிற படிவு விடியற்காலைப் பனியில் கசிய ஆரம்பிக்கும். கடலூரில் ஸ்பீக்கர் டெர்மினல் பார்க்கிற எவனுக்கும் இது பழகிய கூத்து. மழைக்கால ராத்திரியில் மட்டும் கரகரக்கும் மைக் எத்தனையோ வந்திருக்கிறது.

ஆகவே சாயங்காலம் கேமராவோடு கிளம்பி தேவனாம்பட்டினம் போனோம். பாடி, லென்ஸ், கிரிப். வேறு எதுவும் இல்லை. வெள்ளிக் கடற்கரையில் இருட்டிக்கொண்டு வந்தது, சுண்டல் வண்டிகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள், கையில் பிசுபிசுப்பு தெரிந்தது. கேமராவை ஆன் செய்து மடியில் வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் வ்யூஃபைண்டருக்குள் மட்டும் பார்த்தேன்.

ஷட்டரைப் பாதி அழுத்தி விட்டால் வ்யூஃபைண்டரின் அடியில் ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சரும் பச்சை எழுத்தில் எரியும். விரலை எடுத்தபின் சில விநாடிகளில் தானாக அணைந்துவிட வேண்டும். இங்கே அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அணைந்தது, தொடாமலே மறுபடி எரிந்தது. எடுத்த படத்தைத் திரையில் போட்டால் கண்ணைச் சிமிட்டுவதற்குள் மறைந்து படமெடுக்கும் நிலைக்குப் போய்விட்டது. பாதி அழுத்தினால் கேமரா அப்படித்தான் செய்யும். யாரோ ஷட்டர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டிருப்பதாகக் கேமரா நினைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தம்பி சொன்ன இரண்டு லட்சணமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஏஐ செர்வோவில் பாதி அழுத்தம் இருக்கும்வரை லென்ஸ் புள்ளிக்குக் கீழே வருவதையெல்லாம் துரத்தும்; யாரும் அழுத்தாமலே அழுத்தம் இருந்தால் தானாக ஓடுவதாகத் தெரியும். ஒன் ஷாட்டில் பாதி அழுத்தத்தில் ஒருமுறை பூட்டிக்கொண்டால் விரலை எடுக்கும்வரை திறக்காது. பேய் விரல் ஏற்கனவே நாதஸ்வரக்காரரைப் பூட்டி வைத்திருக்கிறது. அதற்குமேல் நம் விரல் என்ன அழுத்தினாலும் முழு அழுத்தத்தில் கிளிக் ஆகுமே தவிர ஃபோகஸ் மாறாது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கஸ்டம் கன்ட்ரோல்ஸில் போய் ஷட்டர் பட்டனின் பாதி அழுத்தத்தை மீட்டரிங் மட்டும் என்று மாற்றினேன். ஃபோகஸ் வேலையைப் பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டனிடம் கொடுத்தாயிற்று. லென்ஸ் உடனே அடங்கியது. ஆனால் பச்சை எழுத்து எரிவது நிற்கவில்லை. அதாவது பாதி அழுத்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது, ஃபோகஸுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மட்டும் அறுந்தது. அடுத்து கிரிப்பைக் கழற்றி, பேட்டரியைப் பாடியில் போட்டுப் பார்த்தேன். அதே கடற்கரை, அதே ஈரம், எழுத்து ஒழுங்காக அணைந்தது.

"அண்ணா, கிரிப்ல இருக்கிற சுவிட்ச் ஆஃப்லதான இருந்துச்சு. அதனாலதான் கிரிப் இல்லனு நானே முடிவு பண்ணிட்டேன்" என்றார். நியாயமான கேள்வி. கிரிப்பின் செங்குத்துப் பட்டன்களை முடக்கி வைக்க ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டு. அது ஆஃபில் இருந்தும் கோளாறு வந்திருக்கிறது. பதில் கிரிப்புக்குள் இருந்தது.

மறுநாள் திறந்தேன். அடிப்பக்கம் நட்சத்திர ஸ்குரூ, ரப்பருக்குக் கீழே ஒளிந்திருந்தவை சேர்த்து. ரப்பரை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி ஓரத்திலிருந்து உரித்தால் கிழியாமல் வரும். மூடியைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஷட்டர் பட்டனுக்கு அடியில் இருந்த சின்ன போர்டு. அதன் ஓரத்தில் இரண்டு சாலிடர் புள்ளிகளுக்கு நடுவே வெளிர்ப்பச்சையாக ஒரு படிவு, மேலே பொடி உப்பு. பட்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். ஒரிஜினல் கிரிப்பில் அந்த இடத்தில் சீல் இருக்கும். இதில் வளையம் உட்காரப் பள்ளம் மட்டும் இருந்தது, வளையம் இல்லை. சாரல் பட்டன் ஓரமாக நேரே போர்டில் இறங்கியிருக்கிறது.

இதன் கம்பிக் கணக்கு எளியது. இரண்டு நிலை சுவிட்ச், மூன்று முனை. ஒன்று பாதி அழுத்தம், இரண்டாவது முழு அழுத்தம், மூன்றாவது பொது முனை. சும்மா இருக்கும்போது பாதி அழுத்த முனை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வழியாக உயர்ந்த வோல்டேஜில் நிற்கும். பட்டனை அழுத்தினால் அது கிரவுண்டோடு சேர்ந்து இறங்கும். இறங்கியதைப் பார்த்து 'அழுத்தியாச்சு' என்று கேமரா எடுத்துக்கொள்ளும். முழுக்க ஷார்ட் ஆக வேண்டும் என்றுகூட இல்லை. சில கிலோ ஓம் கசிவு இருந்தாலே வோல்டேஜ் இறங்கிவிடும்.

அந்த ஆன்-ஆஃப் சுவிட்ச் எதை வெட்டுகிறது என்று தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டனின் பொது முனையை மட்டும்தான் கிரவுண்டிலிருந்து பிரிக்கிறது. உப்புக் கசிவோ பொது முனைக்குப் போகவே இல்லை. பாதி அழுத்தத் தடத்துக்கும் அதை ஒட்டி ஓடுகிற வேறொரு கிரவுண்டுத் தடத்துக்கும் நடுவில்தான் அந்தப் பச்சைப் படிவு உட்கார்ந்திருந்தது. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் கசிவு கேமராவுக்குப் போகத்தான் செய்யும்.

மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு தடத்திலும் முனைகளை ஊன்றினேன். காய்ந்த நிலையில் மீட்டர் மெகா ஓமில் அலைந்தது. போர்டுக்கு மிக அருகில் வாயை வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அப்படி ஹா என்று ஒரு மூச்சு விட்டேன். மெகா ஓம் கிலோ ஓம் ஆகி, மளமளவென்று இறங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது. ஹேர் டிரையரைக் காட்டினால் திரும்ப ஏறியது. தம்பியைக் கூப்பிட்டு அவரையே ஊதச் சொன்னேன். அவர் ஊதினதும் மீட்டர் இறங்கியதைப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றார். கோடிக்கணக்கான பிக்சல் உள்ள கேமரா, ஒரு மூச்சுக் காற்றில் ஏமாந்து போகிறது.

சுத்தம் செய்ய 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும். சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்காக நின்று ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அதன்பிறகு ஆல்கஹாலால் தண்ணீரை இழுத்தெடுத்தேன். பச்சைப் படிவு அடிவரை அரித்திருந்த இடத்தில் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகச் சாலிடர் வைத்தேன். நன்றாகக் காயவிட்டு மறுபடி ஹா என்று ஊதினால் மீட்டர் அசையவில்லை. தடத்தின்மேல் ஈரம் புகாத கன்ஃபார்மல் கோட்டிங் மெல்லிசாகப் பூசினேன், சுவிட்சின் வாயில் மட்டும் படாமல் டேப் ஒட்டிக்கொண்டு. சுவிட்சுக்குள் அது இறங்கினால் பட்டன் செத்துவிடும். காணாமல் போன வளையத்துக்குப் பதில் மெல்லிய சிலிகான் ஓ-ரிங் ஒன்றைப் பள்ளத்தில் உட்கார வைத்தேன்; அளவு அம்சமாகப் பொருந்தியது.

மூடுவதற்கு முன் பேட்டரி தட்டையும் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் தகடு கறுத்திருந்தது. இந்த எல்பி-ஈ6என் வகைப் பேட்டரி 7.2 வோல்ட், முழு சார்ஜில் 8.4 வரை இருக்கும். தகட்டில் கறுப்பு இருந்தால், லென்ஸ் மோட்டாரும் கண்ணாடியைத் தூக்கும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற கணத்தில் வோல்டேஜ் சரிந்து கேமரா தள்ளாடும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்குள் துருப்பிடித்துவிடும். மலிவு பேட்டரியை கிரிப்பில் ஒரிஜினலோடு கலக்காமல் தனியாக அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

முகூர்த்தக் கோளாறு இதோடு தீர்ந்தது. 200 மிமீ மங்கல் பாக்கி. உரித்துப் பார்த்தபோதே பாதி பதில் கிடைத்துவிட்டதால் ஃபில்டரை மட்டும் மாட்டி, டிரைபாடில் வைத்து, தெருவுக்கு எதிரே உள்ள கடையின் போர்டை எடுத்தேன். எழுத்துக்கு எழுத்து நிழல் விழுந்தது. முக்கியமானது அடுத்தது: லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஏஎஃப்-ஐ அணைத்து, கையால் எவ்வளவு நிதானமாகத் திருப்பினாலும் கூர்மை வரவில்லை. மேனுவலிலும் வராத கூர்மைக்கு ஆட்டோ ஃபோகஸைக் குறை சொல்லக் கூடாது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் கவுன்டரில் ஏஎஃப் சென்சாருக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஃபில்டரைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்து டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தேன். கண்ணாடியின் இரண்டு முகத்திலும் இரண்டு டியூப் லைட் தெரியும். நல்ல கண்ணாடியைத் திருப்பினால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நேராக நகரும். இதில் இரண்டு கோடும் விலகி, சேர்ந்து, நடுவில் நெளிந்தது. முன்பு இது 18-135 லென்ஸில் இருந்ததாம். அதற்கும் 67 மிமீதான் என்பதால் எடுத்து இதில் மாட்டியிருக்கிறார். அகலக் கோணத்தில் கண்ணாடியின் கோணல் கண்ணுக்குத் தெரியாது. 200 மிமீ-இல் அதே கோணல் பூதாகரமாகிவிடும். கடல் பக்கம் போகும்போது பாதுகாப்புக்கு ஃபில்டர் வேண்டும் என்பது சரிதான், நானும் போடுவேன். ஆனால் பல ஆயிரம் கொடுத்து வாங்கிய டெலி லென்ஸின் முகத்தில் பிளாட்பாரக் கண்ணாடியை ஒட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கடற்கரைக்கு நல்ல ஃபில்டர் ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு ஹூட் மட்டும்.

ரிசப்ஷன் தேடல் கோளாறே அல்ல. இருட்டில் 80டி தன் சொந்த ஃபிளாஷைச் சில முறை மின்னவிட்டு ஃபோகஸுக்கு வெளிச்சம் தேடிக்கொள்ளும். தலையில் உள்ள ஹாட் ஷூவில் டிரிகர் உட்கார்ந்தால் அந்த ஃபிளாஷ் எழுந்திருக்கவே முடியாது. இவர் வாங்கிய டிரிகரில் உதவி விளக்கும் கிடையாது. ஏஐ செர்வோவில் அந்த உதவி வெளிச்சம் எப்படியும் வராது. ஒன் ஷாட்டுக்கு மாறி, நடுப் புள்ளியை எடுத்து, முகத்துக்கும் தலைமுடிக்கும் நடுவே இருக்கும் எல்லைக் கோட்டில் வைக்கச் சொன்னேன். இருட்டில் 45 புள்ளிகளில் நடுப் புள்ளியே கெட்டிக்காரன். சிவப்பு உதவி விளக்கு உள்ள டிரிகர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பையில் கிடந்த போலரைசரையும் பார்த்துவிட்டேன். கண்ணாடி வழியாக வரும் ஒளியைப் பாதியாகப் பிரித்து ஏஎஃப் சென்சாருக்கு அனுப்புகிற டிஎஸ்எல்ஆரில் லீனியர் போலரைசர் போட்டால் அந்தப் பங்கீடு தடுமாறி மீட்டரும் ஃபோகஸும் சொதப்பும். சர்குலர்தான் போட வேண்டும். இவருடையது சர்குலர், பிழைத்தார். இவர் புதுச்சேரி பீச் ரோட்டில் பிரீ-வெட்டிங் எடுக்கும்போது மட்டும் மாட்டுவாராம்.

கிரிப் இல்லாதவர்களுக்கும் இதே பேய் வரலாம், வயர் ரிமோட் வழியாக. 80டி-க்குப் போகும் 2.5 மிமீ பின்னில் நடு வளையம் பாதி அழுத்தம், நுனி முழு அழுத்தம், அடிப்பாகம் கிரவுண்ட். ரிமோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மீட்டர் வைத்து, பட்டனைத் தொடாமல் ஊதிப் பாருங்கள். எண் அசைந்தால் திறந்து கழுவ வேண்டியதுதான். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு டிஎஸ்எல்ஆர் லென்ஸ் மாட்டுபவர்கள் முதலில் லென்ஸைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் பின்கள் தொட்டும் தொடாமலும் இருக்கும், ஃபோகஸ் பாதி வழியில் செத்துப்போகும். வெளிக் கம்பெனி லென்ஸ் புதுப் பாடியில் தடுமாறினால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) பாருங்கள். சிக்மாவின் யூஎஸ்பி டாக், டாம்ரானின் டேப்-இன் கன்சோல் எல்லாம் இருப்பது இதற்குத்தான், அந்தந்த லென்ஸுக்குப் பொருந்தும் என்றால்.

திருவந்திபுரத்தில் அடுத்து வந்த முகூர்த்தத்துக்கு கிரிப்போடுதான் போனார். விடியற்காலை பனி கொட்டியது, வ்யூஃபைண்டர் எழுத்து ஒழுங்காக அணைந்தது என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். ஏஎஃப்-ஆன் பட்டனில் ஃபோகஸ் வைத்ததை அவர் பழையபடி மாற்றவில்லை, கை பழகிவிட்டதாம். கிரிப்பின் ஷட்டர் பட்டன் மட்டும் பாதிக்கும் முழுவதுக்கும் நடுவே கொஞ்சம் மொரமொரப்பாக இருக்கிறது. உள்ளே தகடு அரித்திருக்கும். அதே உயரத்தில் இரண்டு நிலை சுவிட்ச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்தால் மாற்றிவிடலாம், கிடைக்காவிட்டால் இதே கொஞ்ச நாள் ஓடும்.